முதல் கைத்துப்பாக்கி: எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

புதுக்கை:
உரிமம் கிடைத்துவிட்டது. இதற்கு முன் கைத்துப்பாக்கி வைத்திருந்ததில்லை. நோக்கம் இரண்டு: ரேஞ்சில் (சுடும் பயிற்சிக்கூடத்தில்) முறையாகக் குறி பழகுவது, வீட்டுப் பாதுகாப்பு. இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே போகும் எண்ணம் இல்லை. கை சிறியது, மணிக்கட்டில் வலு குறைவு. வீட்டில் ஏழு வயதுக் குழந்தை உண்டு. ஐந்து தோட்டா பிடிக்கும் குட்டி .38 ரிவால்வரா, உள்ளங்கைக்குள் அடங்கும் சிறிய 9 எம்எம் பிஸ்டலா என்று யோசிக்கிறேன். சிறிய கைக்குச் சிறிய துப்பாக்கிதானே பொருத்தம்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

எஃகுக்குழல்:
கடைசியாகக் கேட்டீர்களே, அந்த எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். சிறிய துப்பாக்கி சுமக்கத்தான் சுலபம், சுடக் கடினம்.

உதையை எடுத்துக்கொள்வோம். ஒரே தோட்டாவைப் பாதி எடையுள்ள துப்பாக்கியில் சுட்டால், கையில் இறங்கும் உதையின் ஆற்றல் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். அலுமினியச் சட்டம் உள்ள ஐந்து தோட்டா ரிவால்வர் 400 கிராமுக்குக் கொஞ்சம் மேல்தான் இருக்கும். நடுத்தர 9 எம்எம் பிஸ்டலான கிளாக் 19, காலி மேகசினோடு (தோட்டா அடுக்கும் கூண்டு) 670 கிராம். அந்தக் குட்டி ரிவால்வரில் இருபது, முப்பது தோட்டா சுட்ட பிறகு கை கூசும். கூச ஆரம்பித்தால் கண்ணை மூடுவதும் துப்பாக்கியை முன்கூட்டியே கீழே அழுத்துவதும் பழக்கமாகிவிடும். அந்தப் பழக்கத்தைப் போக்க மாதக்கணக்கில் உழைக்க வேண்டும்.

அடுத்தது டிரிகர். அப்படிப்பட்ட ரிவால்வரின் டிரிகரை இழுக்க 5 கிலோ அளவுக்கு விசை தேவை. துப்பாக்கியின் எடையைப் போல் பத்து மடங்குக்கும் மேல் பலத்தோடு விரல் இழுக்கும்போது, குறி அசையாமல் இருக்கக் கைப்பிடி எவ்வளவு உறுதியாக இருக்க வேண்டும் என்று யோசியுங்கள்.

பிறகு, குறிபார்க்க உதவும் முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் உள்ள தூரம். இந்தத் தூரம் 100 மி.மீ. என்றால், முன் சைட் ஒரு மி.மீ. விலகினாலே 7 மீட்டரில் தோட்டா 7 செ.மீ. தள்ளிப் படும். தூரம் 160 மி.மீ. என்றால் அதே தவறு 4.4 செ.மீட்டரோடு நிற்கும். பழகாத கைக்கு இந்த வித்தியாசம் பெரியது.

ஆகவே நடுத்தர அளவுள்ள 9 எம்எம் பிஸ்டலைப் பாருங்கள். குழல் 100 மி.மீ.க்குச் சற்று மேல், 15 தோட்டா மேகசின், வெறும் எடை 600 முதல் 800 கிராம். கிளாக் 19, சிஇசட் பி-10 சி, ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் எம் அண்ட் பி 9 எம் 2.0 காம்பாக்ட் மூன்றும் இந்த வகை. மூன்றில் எதுவானாலும் குறையில்லை. கை எதில் சரியாக உட்காருகிறதோ அதை எடுங்கள். .40, .45 போன்ற பருமனான தோட்டாக்கள் எல்லாம் இப்போது வேண்டாம். உதையும் தோட்டாச் செலவும் கூடும், பழகும் தோட்டா எண்ணிக்கை குறையும்.

மௌனவிசை:
"கை எதில் உட்காருகிறதோ" என்பது உண்மை. ஆனால் உட்காருகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கடையில் பலரும் கைப்பிடியைச் சும்மா பிடித்துப் பார்த்து "நன்றாக இருக்கிறது" என்று சொல்லி வாங்கிவிடுகிறார்கள். அது போதாது.

கடைக்காரர் மேகசினைக் கழற்றி, ஸ்லைடை (முன்னும் பின்னும் ஓடும் மேல்பகுதி) திறந்து காட்டியபின் கையில் வாங்குங்கள். நீங்களும் தோட்டா அறையைக் கண்ணால் பார்த்து, சுண்டுவிரலை விட்டுத் தடவிப் பாருங்கள். யாரும் இல்லாத பக்கம் குழலைத் திருப்பிக்கொண்டு, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள சவ்வைக் கைப்பிடியின் பின்புறத்தில் முடிந்தவரை மேலே ஏற்றிப் பிடியுங்கள். அந்தப் பிடியில் குழல் முன்கை எலும்போடு ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு, ஆள்காட்டி விரலை டிரிகரில் வையுங்கள். முதல் கணுவுக்கு முன்னாலுள்ள சதைப்பகுதி டிரிகரின் நடுவில் படிய வேண்டும். விரல் நுனி மட்டும்தான் எட்டுகிறது என்றாலோ, எட்டுவதற்காகக் கைப்பிடியை உள்ளங்கையில் திருப்ப வேண்டியிருந்தாலோ அது உங்களுக்குப் பெரியது. திருப்பிப் பிடித்தால் உதை கட்டைவிரல் மூட்டில் போய் இறங்கும், இரண்டாவது குறி எங்கோ போகும்.

இன்னொன்று. புதிய பிஸ்டல்கள் பலவற்றில் கைப்பிடியின் பின்தகடு இரண்டு மூன்று அளவுகளில் கூடவே வரும். கடையில் பெரும்பாலும் நடுத்தரத் தகடுதான் மாட்டியிருப்பார்கள். சிறியதை மாட்டித் தரச் சொல்லிப் பிடித்துப் பாருங்கள். இதைக் கேட்காமலேயே நல்ல துப்பாக்கியை ஒதுக்கிவிடுகிறவர்கள் உண்டு.

அதே பிடியை மாற்றாமல் மேகசின் பொத்தான் கட்டைவிரலுக்கு எட்டுகிறதா என்று பாருங்கள். இடதுகைக்காரர் என்றால் பொத்தானை மறுபக்கம் மாற்ற முடியுமா என்று கேளுங்கள். ஸ்லைடு நிறுத்தும் நெம்புகோல் இரு பக்கமும் இருந்தால் நல்லது.

புதுக்கை:
டிரிகர் எட்டுகிறது. ஆனால் ஸ்லைடை முழுவதும் பின்னால் இழுக்க முடியவில்லை. ரிவால்வர் பக்கம் மனம் போனதற்குக் காரணமே இதுதான்.

மௌனவிசை:
பெரும்பாலும் அது பலக்குறைவு இல்லை, பிடிக்கிற முறையில் உள்ள கோளாறு. கையை முன்னால் நீட்டிக்கொண்டு, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கவண் இழுப்பதுபோல் ஸ்லைடை இழுத்தால் யாருக்கும் கஷ்டம்தான்.

துப்பாக்கியை மார்புக்கு அருகே கொண்டுவாருங்கள். குழல் குறிப்பலகைப் பக்கமே இருக்கட்டும், விரல் டிரிகருக்கு வெளியே சட்டத்தின்மேல் நீண்டிருக்கட்டும். மற்றக் கையால் ஸ்லைடின் பின்பகுதியை மேலிருந்து கவ்வுங்கள். நான்கு விரலும் ஒரு பக்கம், உள்ளங்கையின் அடிப்பகுதி மறுபக்கம். தோட்டாக் கூடு வெளியேறும் திறப்பைக் கை மூடக்கூடாது. இப்போது ஸ்லைடை இழுப்பதைவிட, கைப்பிடியைப் பிடித்த கையால் துப்பாக்கியை முன்னால் குத்துவதுபோல் தள்ளுங்கள். கடைசிவரை போனதும் ஸ்லைடைச் சட்டென்று விட்டுவிடுங்கள். கூடவே போய் மெதுவாக விட்டால் தோட்டா பாதியில் நிற்கும், ஸ்லைடு முழுவதும் மூடாது.

இந்த முறையில் பெரும்பாலோருக்கு வந்துவிடும். செய்கிற அவசரத்தில் குழல் பக்கவாட்டில் திரும்பிவிடும், அங்கேதான் கவனம் வேண்டும். ரேஞ்சில் பக்கத்து ஆள்மீது குழல் திரும்புவது பெரும்பாலும் இந்த நேரத்தில்தான்.

அப்படியும் வரவில்லை என்றால், ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் ஷீல்டு ஈஇசட்டைப் பாருங்கள். வலுக்குறைந்த கைகளுக்காகவே இலகுவான ஸ்லைடோடு செய்தது. 8 தோட்டா மேகசின். .380, 9 எம்எம் என்ற இரண்டு தோட்டா வகையிலும் கிடைக்கும். வெளிச் சுத்தியல் உள்ள பிஸ்டல்களில் முதலில் சுத்தியலைப் பின்னால் சாய்த்துவிட்டு இழுத்தால் பாதிக் கனம் குறைந்ததுபோல் இருக்கும். ஏனென்றால் சுத்தியலின் ஸ்பிரிங்கையும் சேர்த்து ஸ்லைடு தள்ள வேண்டிய அவசியம் அப்போது இல்லை.

வெண்புகை:
எல்லாரும் நேரே 9 எம்எம்முக்குப் போய்விட்டீங்க. நான் ஒத்துக்க மாட்டேன். முதல் துப்பாக்கி .22-ங்கிற சின்னத் தோட்டா போடறதாத்தான் இருக்கணும். உதை இல்லை, சத்தம் குறைவு, தோட்டா மலிவு. குறி வைக்கிறது, டிரிகர் அழுத்துறது இந்த ரெண்டையும் பயம் கலக்காம படிக்கலாம். ரூகர் மார்க் 4 மாதிரி ஒண்ணு வாங்கினா ஆயுசு முழுக்க வச்சிருப்பீங்க. பழைய மார்க் பிஸ்டல்களைக் கழட்டி மாட்டுறது பெரிய பாடு. 2016-ல வந்த மார்க் 4-ல பின்னாடி ஒரு பொத்தானை அழுத்தினா மேல்பகுதி அப்படியே மடிஞ்சு கழண்டு வரும்.

எஃகுக்குழல்:
பழகுவதற்கு .22 மேல் என்பதில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் அவர் வீட்டுப் பாதுகாப்பையும் கேட்டிருக்கிறார். .22 தோட்டாவில் மருந்தைப் பற்றவைக்கும் கலவை கூட்டின் விளிம்புக்குள் சுழற்றிப் பரப்பப்பட்டிருக்கும். பரவல் ஒரு இடத்தில் குறைந்திருந்து, துப்பாக்கியின் ஊசி அங்கேயே அடித்தால் வெடிக்காது. நடுவில் தனி பிரைமர் (பற்றவைக்கும் சிறு மூடி) உள்ள 9 எம்எம் தோட்டா இந்த விஷயத்தில் பல மடங்கு நம்பகமானது. ஒரே துப்பாக்கிதான் வாங்க முடியும் என்றால் 9 எம்எம். இரண்டு முடியும் என்றால் முதலில் .22, சில மாதம் கழித்து 9 எம்எம். நீங்கள் சொன்ன வரிசைதான் அது.

வெண்புகை:
சரி, இதை ஏத்துக்கிறேன். அப்படின்னா ரேஞ்சுல .22-ஐ வாடகைக்கு எடுத்து முதல் நூறு, இருநூறு தோட்டா அதுல சுடட்டும், சொந்தமா வாங்கறது 9 எம்எம்மா இருக்கட்டும். ஆனா .22 விஷயத்துல ஒண்ணு சொல்லிடறேன்: தோட்டா இல்லாம டிரிகரை அழுத்திப் பழகுறதை .22-ல செய்யாதீங்க. பல .22-ல ஊசி நேரா தோட்டா அறையோட விளிம்புல போய் அடிக்கும். அங்க பள்ளம் விழுந்தா அப்புறம் கூடு சிக்கும். கையேட்டுல "செய்யலாம்"னு எழுதியிருந்தா மட்டும் செய்யுங்க.

நிலாமதி:
ஏழு வயதுக் குழந்தை இருக்கிறது என்று முதல் பதிவிலேயே எழுதியிருக்கிறார். இவ்வளவு பேர் எழுதியும் யாரும் அதைத் தொடவில்லை. எந்தத் துப்பாக்கி என்று தீர்மானிக்கும் முன் பெட்டகத்தைத் தீர்மானியுங்கள். துப்பாக்கி வீட்டுக்குள் நுழையும் நாளன்று பெட்டகம் ஏற்கெனவே சுவரிலோ தரையிலோ போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்க வேண்டும்.

அலமாரியின் மேல்தட்டு, துணிக்கு அடியில், மெத்தைக்கு அடியில் என்று ஒளித்துவைப்பது பூட்டுவது ஆகாது. வீட்டில் எது எங்கே இருக்கிறது என்று குழந்தைக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். "டிரிகர் கனமாக இருக்கிறதே, குழந்தையால் இழுக்க முடியாது" என்பதும் தவறு. இரண்டு கட்டைவிரல்களையும் சேர்த்து வைத்துக் குழந்தை அழுத்தும். அப்படி அழுத்தும்போது குழல் குழந்தையின் முகத்தைப் பார்த்தபடி இருக்கும்.

சிறிய மலிவுப் பெட்டகங்களில் மின்காந்தத்தால் இயங்கும் தாழ்ப்பாள் இருக்கும். தூக்கிக் கொஞ்ச உயரத்திலிருந்து போட்டாலோ, வேகமாகத் தட்டினாலோ சிலது திறந்துவிடும். வாங்கியதும் வெறும் பெட்டகத்தை வைத்து இதைச் சோதித்துப் பாருங்கள். விரல்ரேகைப் பூட்டு ஈரக்கையில் ஏமாற்றும், எண் பொத்தான் உள்ளதே மேல். கூடவே வரும் அவசரச் சாவியை வீட்டுச் சாவிக்கொத்தில் மாட்டாதீர்கள். பாட்டரியை ஆண்டுக்கு ஒருமுறை, தீரும்வரை காத்திராமல் மாற்றுங்கள்.

ரேஞ்சுக்கு மட்டும் எடுக்கும் துப்பாக்கி என்றால் தோட்டா வேறு பெட்டியில், வேறு பூட்டில் இருக்கட்டும். துப்பாக்கியோடு வரும் கம்பிப் பூட்டை ஸ்லைடின் திறப்பு வழியாக விட்டு மேகசின் குழி வழியாக வெளியே எடுத்துப் பூட்டலாம். அது கூடுதல் காப்பு மட்டும்தான், பெட்டகத்துக்கு மாற்று இல்லை.

சொல்லக் கடினமாக இருந்தாலும் இதையும் சொல்ல வேண்டும். வீட்டில் யாராவது மனம் உடைந்த நிலையில் இருந்தால், நீங்களாகவே இருந்தாலும், அந்தக் காலம் கடக்கும்வரை துப்பாக்கி வீட்டில் இருக்கக்கூடாது. சட்டப்படி ஒப்படைக்கக்கூடிய இடத்தில் கொடுத்துவையுங்கள். மற்ற வழிகளில் உயிரை மாய்க்க முயன்றவர்களில் பெரும்பாலோர் பிழைத்துவிடுகிறார்கள். துப்பாக்கியால் முயன்றவர்களில் பிழைப்பவர் மிகச் சிலர்.

மௌனவிசை:
நிலாமதி அக்கா எழுதியதற்கு மேல் பாதுகாப்பில் சேர்க்க ஒன்று உண்டு: துப்பாக்கியைக் காலி செய்யும் வரிசை. முதலில் மேகசினை வெளியே எடுக்க வேண்டும், பிறகுதான் ஸ்லைடை இழுக்க வேண்டும். வரிசையை மாற்றினால் என்ன ஆகும்? ஸ்லைடை இழுத்ததும் அறையிலிருந்த தோட்டா வெளியே விழும், ஸ்லைடு திரும்பும்போது மேகசினிலிருந்து அடுத்த தோட்டா உள்ளே போய்விடும். அதன்பின் மேகசினைக் கழற்றினால் கையில் மேகசின், தரையில் ஒரு தோட்டா. பார்த்தால் காலிபோலத் தெரியும். உள்ளே ஒன்று இருக்கும். "காலி என்று நினைத்தேன்" என்று முடிகிற விபத்துகளில் பலவும் இந்த வரிசை பிசகியதால் வந்தவை.

கிளாக், சிஇசட் பி-10 போன்றவற்றைச் சுத்தம் செய்யப் பிரிக்கும்போது டிரிகரை ஒருமுறை அழுத்தியே ஆக வேண்டும். ஆகவே இந்த வரிசை உங்களுக்கு மூச்சு மாதிரி வரவேண்டும். மேகசினை எடு, ஸ்லைடை மூன்று முறை இழு, திறந்து நிறுத்து, கண்ணால் பார், விரலால் தொடு.

கை தவறித் துப்பாக்கி கீழே விழுந்தால் விழட்டும், பிடிக்கப் பாயாதீர்கள். நல்ல நிலையிலுள்ள இன்றைய துப்பாக்கி விழுந்து வெடிப்பது அரிது. பாய்ந்து பிடிக்கிற விரல் டிரிகரில் சிக்குவது அரிதல்ல.

கந்தகம்:
இழையின் நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். பழைய ரிவால்வர் ஒன்று வாங்கும் நிலையில் இருக்கிறேன். நான்கு அங்குலக் குழல், .357, எஃகுச் சட்டம். எதைச் சோதிக்க வேண்டும்?

எஃகுக்குழல்:
நல்ல தேர்வு. எடை ஒரு கிலோவை ஒட்டி இருக்கும், அதில் .357-ஐவிட வலுக்குறைந்த .38 ஸ்பெஷல் தோட்டாவும் பொருந்தும், அதைச் சுட்டால் உதை மென்மையாக இருக்கும். நான் குறைசொன்னது குட்டி ரிவால்வரைத்தான், எல்லா ரிவால்வரையும் இல்லை.

காலி என்று உறுதிசெய்தபின், உருளையை ஒரு விரலால் லேசாகத் தடுத்துக்கொண்டு சுத்தியலை மிக மெதுவாகப் பின்னால் சாயுங்கள். சுத்தியல் முழுவதும் போய் நிற்கும் முன்பே உருளை "டக்" என்று பூட்டிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு அறைக்கும் இப்படிப் பாருங்கள். ஒரே ஒரு அறையில் பூட்டு தாமதமானாலும், தோட்டா குழலின் வாயில் நேராக நுழையாமல் ஈயத்தைச் சீவிப் பக்கவாட்டில் துப்பும். அடுத்து, டிரிகரை அழுத்திப் பிடித்தபடி உருளையை முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெளிவாகத் தெரிந்தால் தேய்மானம். உருளைக்கும் குழலுக்கும் இடையே உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜ் (மெல்லிய அளவுத் தகடுகள்) வைத்து அளந்தால் 0.1 முதல் 0.2 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். 0.25-ஐத் தாண்டினால் விட்டுவிடுங்கள்.

குழலின் பின்வாயில் விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். குழலுக்குள் கருவளையம்போல் ஏதாவது தெரிந்தால் உள்ளே வீங்கியிருக்கிறது என்று பொருள். தோட்டா சிக்கியிருக்கும்போதே அடுத்ததைச் சுட்ட துப்பாக்கி அது. எந்த விலைக்கும் வேண்டாம்.

.357-இல் நிறைய .38 சுட்டால் உருளை அறைக்குள் கரிவளையம் படியும், ஏனென்றால் .38 கூடு நீளம் குறைந்தது. சுத்தம் செய்யாமல் .357 போட்டால் நுழையாது, நுழைந்தாலும் வெளியே வராது.

பிடியிலும் ஒன்றைக் கவனியுங்கள். பிஸ்டல் பிடிப்பதுபோல் இடது கட்டைவிரலை முன்னே நீட்டாதீர்கள். உருளை இடைவெளி வழியாகப் பக்கவாட்டில் பீறிடும் வாயு விரலைக் கிழிக்கும். கட்டைவிரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக மடித்து, உருளைக்குப் பின்னாலேயே வையுங்கள்.

புதுக்கை:
தோட்டாவில் எதை வாங்குவது? 9 எம்எம் என்று எழுதியிருப்பதிலேயே பல வகை தெரிகிறதே.

வெண்புகை:
உங்களுக்கு வேணும்கிறது 9×19. இதுக்கே 9 எம்எம் லூகர், 9 எம்எம் பாரபெல்லம்னு வேற பேரும் உண்டு, மூணும் ஒண்ணுதான். ஆனா 9 எம்எம் குர்ஸ்னு போட்டிருந்தா அது 9×17, அதாவது .380. 9×18 மகரோவ் வேற. "9 எம்எம்தானே"ன்னு பெட்டியை எடுத்துடாதீங்க. குழல்ல பொறிச்சிருக்கிறதும் பெட்டில அச்சடிச்சிருக்கிறதும் ஒரே தோட்டாவைத்தான் சொல்லணும், முதல்ல சொன்ன மூணு பேர்ல எதுவானாலும் சரி.

பழக 115 அல்லது 124 கிரெயின் (ரவையோட எடை அளவு), முழுச் செம்பு உறை போட்டது. பெட்டில ப்ளஸ் பி-ன்னு போட்டிருந்தா வேண்டாம், அதுல உதையும் அழுத்தமும் கூட. வீட்டுப் பாதுகாப்புக்கு, உங்க சட்டம் அனுமதிச்சா, முனைக்குழி உள்ள தோட்டா. சதையில விரியறதால ஊடுருவிப் போய்ப் பின்னாடி இருக்கிறவங்கமேல படற ஆபத்து குறையும். அதுல குறைஞ்சது ஐம்பதாவது உங்க துப்பாக்கியில சுட்டுப் பாருங்க. செம்பு உறையைச் சீராத் தின்னற பிஸ்டல் முனைக்குழியில சிக்குறது உண்டு.

மௌனவிசை:
புதியவர்கள் தோட்டா சிக்கியதும் துப்பாக்கியைக் குறைசொல்வார்கள். பிஸ்டலில் கூடு பாதி வெளியே நீட்டிக்கொண்டு நின்றால் முதலில் மணிக்கட்டைப் பாருங்கள். ஸ்லைடு பின்னால் முழுவதும் போகச் சட்டம் அசையாமல் நிற்க வேண்டும். மணிக்கட்டு தளர்ந்து துப்பாக்கி முழுவதுமே பின்னால் போனால் ஸ்லைடு பாதி தூரத்தோடு திரும்பிவிடும். எடை குறைந்த பிஸ்டலில் இது அதிகம். மணிக்கட்டு வலு குறைவு என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் இதைச் சொல்கிறேன். முழங்கையைச் சிறிது மட்டும் மடக்கி, மணிக்கட்டைப் பூட்டி, மற்றக் கையால் இறுக்கத்தில் பாதிக்கு மேல் கொடுங்கள்.

டிரிகர் அழுத்தியும் வெடிக்கவில்லையா? குழலைக் குறிப்பலகைப் பக்கமே முழுதாய் 30 விநாடி வைத்திருங்கள், தாமதமாக வெடிக்கலாம். அதைவிட மோசமானது "டப்" என்று மெலிந்த சத்தம், உதையே இல்லை என்பது. மருந்து இல்லாமல் பிரைமரின் பலத்திலேயே ரவை (தோட்டாவின் முனையிலுள்ள குண்டு) குழலின் நடுவில் போய் நின்றிருக்கலாம். சத்தம் மாறினாலே நிறுத்துங்கள். ஸ்லைடை இழுத்து அடுத்ததைச் சுடக் கை பரபரக்கும். சுட்டால் குழல் வெடிக்கும். காலி செய்து, பிரித்து, குழலுக்குள் குச்சி விட்டுப் பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம்.

நிலாமதி:
காதையும் மறக்க வேண்டாம். 9 எம்எம் வெடிப்பு 160 டெசிபெலை ஒட்டி இருக்கும், 140-ஐத் தாண்டிய ஒரே வெடிப்பே காதுக்கு நிரந்தரச் சேதம் தரலாம். மூடிய ரேஞ்சில் உள்ளே செருகும் நுரை அடைப்பானும் மேலே மூடும் காதுமூடியும் இரண்டும் சேர்த்துப் போடுங்கள். கண்ணாடி கட்டாயம். கழுத்து மூடிய சட்டை போடுங்கள், சூடான கூடு சட்டைக்குள் விழுந்தால் துள்ளும்போது குழல் எங்கே திரும்பும் என்று சொல்ல முடியாது. முடிந்ததும் குளிர்ந்த நீரில் சோப்புப் போட்டுக் கைகழுவி, அந்த உடையைத் தனியாகத் துவையுங்கள். குழந்தையைத் தூக்குவது அதற்குப் பிறகு. ஈயத்தூள் உடையில் ஒட்டி வீட்டுக்கு வரும்.

புதுக்கை:
முடிவுக்கு வந்துவிட்டேன். பெட்டகம் முதலில். இரண்டு மூன்று நடுத்தர 9 எம்எம்களை வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பார்த்துவிட்டு, சிறிய பின்தகட்டோடு எது பொருந்துகிறதோ அது. முதல் சில மாதம் எப்படிப் பழகுவது?

எஃகுக்குழல்:
துப்பாக்கிக்குக் கையிலிருக்கும் பணம் முழுவதையும் போடாதீர்கள். பாதியை ஒதுக்கினால் போதும், மீதி பயிற்சியாளருக்கும் தோட்டாவுக்கும். ரெட் டாட் (சிவப்புப் புள்ளி காட்டும் குறிபார்க்கும் கருவி) பற்றி யாராவது ஆசை காட்டுவார்கள். அது பொருந்தும் ஸ்லைடாக இருந்தால் வாங்குங்கள், டாட்டைப் பிறகு மாட்டலாம்.

வாரத்துக்கு ஒருநாள் ஐம்பது தோட்டா, ஒரே நாளில் முந்நூறைவிட நல்லது. நூறைத் தாண்டினால் கை களைத்துப் போய்த் தவறைத்தான் பழகும். 5 மீட்டரில் தொடங்குங்கள். பத்தில் ஒன்பது உள்ளங்கை அளவு வட்டத்தில் விழுந்தால் 7, பிறகு 10. வலதுகைக்காரருக்குக் குறி இடதுபக்கம் கீழே விழுகிறது என்றால் சைட்டைத் திருகாதீர்கள், உதையை எதிர்பார்த்து அழுத்துகிறீர்கள். மேகசினில் எட்டுத் தோட்டாவுக்கு இரண்டு போலித் தோட்டாவை, எங்கே என்று உங்களுக்குத் தெரியாதபடி வேறொருவரைக் கலந்து போடச் சொல்லுங்கள். போலி வரும்போது குழல் கீழே இறங்குவது உங்களுக்கே தெரியும்.

வீட்டில் காலித் துப்பாக்கியோடு நாளுக்குப் பத்து நிமிடம். தோட்டா அந்த அறையிலேயே இருக்கக்கூடாது. முடிந்ததும் பூட்டிவிடுங்கள். தோட்டா போட்டபின் "இன்னும் ஒரே ஒரு தடவை" என்று அழுத்துவதில்தான் சுவர் துளைபடுகிறது.

வெண்புகை:
கடையிலிருந்து வந்ததும் சுடக் கிளம்பிடாதீங்க. தொழிற்சாலையில பூசி அனுப்புற எண்ணெய் பலதுல துருப்பிடிக்காம இருக்கத்தான். கையேட்டைப் பார்த்துப் பிரிச்சு, குழலை உலர்ந்த துணியால துடைச்சு, ஸ்லைடு ஓடற தடத்துல பக்கத்துக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு மாட்டுங்க. ஊசி இருக்கிற துளைக்குள்ள எண்ணெய் போகவே கூடாது, கரியோட குழம்பி ஊசி மந்தமாகும். கிளாக்கோட புதுத் துப்பாக்கியில ஸ்லைடுக்குள்ள செம்பு நிறத்துல பசை இருந்தா அதைத் துடைக்காதீங்க, அது ஓடி ஓடிப் படியறதுக்காக அவங்களே போட்டது.